கிளட்சில் புகுந்த காற்று

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் நம் கலாசாலை ஆசிரியர் நால்வர் ஒரே வண்டியில் வால்பாறைக்குச் சென்று, மூன்று நாட்கள் தங்கியிருந்து, நான்காம் நாட் காலையில் மலையிறங்கத் தொடங்கினோம். வால்பாறைக்கும் ஆழியாற்றுக்கும் இடையே 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன என்பதை நம் மாணவர் பலரும் நேரிற் கண்டிருப்பர். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்தல் வேண்டும். குறைப்பதற்குக் கிளட்சை மிதித்தல் வேண்டும். பாதிக்கு மேல் இறங்கி, ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு கண்ணுக்குத் தோன்றும் ஓரிடத்தில், மிதித்த கிளட்சு மிதித்தபடியே தரையோடு கிடந்துவிட்டது. காலை எடுத்த பின்னும் மேலெழவில்லை. பிரேக்கை அழுத்தி, எஞ்சின் திணறி அணைய, ஒருவாறு வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தினோம்.

நால்வரில் ஒருவர் பௌதிகம் கற்பிப்பவர், ஒருவர் இரசாயனம், மற்றொருவர் சரித்திரம், இதை எழுதும் நாம் தமிழ். நால்வருடைய பட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் இப்பத்திரிகையில் இரண்டு வரிகள் நிரம்பும். அத்தனை பட்டங்களும் சேர்ந்து வண்டியின் முன்மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தன. பார்த்தோம் என்பதற்குமேல் நாம் செய்தது யாதுமில்லை. இரசாயன ஆசிரியர் ஏதோ ஒரு குழாயைத் தொட்டுச் சுட்டுக்கொண்டார். கைப்பேசியில் சிக்னலும் இல்லை.

அவ்வேளையில் மேலிருந்து இறங்கிய ஒரு லாரி எமக்குப் பின்னால் வந்து நின்றது. அதினின்றும் குதித்த கிளீனர் இளைஞர், இருபது வயதுக்கு மேல் இராது, முதலில் எம்மை ஒன்றும் கேளாமல் இரண்டு கற்களைப் பொறுக்கி எம் வண்டியின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். பிறகுதான், "ஏனுங்க சார், கிளட்சு எறங்கிருச்சுங்களா?" என்றார். உள்ளே கையை விட்டுத் துழாவி, விரலை மோந்து பார்த்து, "காத்து ஏறியிருக்குதுங்க. ஏர் எடுத்தாச் சரியாப் போயிரும்" என்று சொல்லி, லாரியினின்று ஒரு ஸ்பேனரும், பாதி நிறைந்த பிரேக் ஆயில் டப்பியும், ஒரு சாண் கண்ணாடிக் குழாயும், காலித் தண்ணீர்ப் புட்டி ஒன்றும் கொண்டுவந்தார். பௌதிக ஆசிரியரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, "மிதிங்க சார்... அப்படியே புடிங்க... இப்ப விடுங்க" என்று ஆணையிடத் தொடங்கினார். மிதி எழாதபோது கையால் தூக்கிவிடச் சொன்னார். இருபது முறையோ இருபத்தைந்து முறையோ அவ்வாறு நடந்தது. புட்டிக்குள் முதலிற் குமிழிகளாகவும் பின்பு கலங்கிய திரவமாகவும் இறுதியில் தெளிந்த திரவமாகவும் வந்தது. கிளட்சு காலைத் தள்ளிக்கொண்டு மேலெழுந்தது; கியர் விழுந்தது.

கொடுத்த பணத்தை அவ்விளைஞர் வாங்க மறுத்தார். பிரேக் ஆயிலுக்குரிய விலையை மட்டும் பெற்றுக்கொண்டு, "சார் என்ன வேலையில இருக்கீங்க?" என்று பௌதிக ஆசிரியரை வினவினார். அவர் தாம் கலாசாலையில் பிசிக்ஸ் கற்பிப்பதாகக் கூறினார். "அப்ப இந்தச் சமாச்சாரமெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதாத்தானுங்க இருக்கும்" என்றார் அவர். அதில் ஏளனம் எள்ளளவும் இல்லை, மரியாதைக்காகவே சொன்னார். ஏளனமாகச் சொல்லியிருந்தால் எமக்கு அத்துணை உறைத்திராது. பொள்ளாச்சி வரையில் வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை.

அவ்விளைஞர் சொல்லியது உண்மைதான். எம் நண்பருக்கு அஃது எல்லாம் தெரிந்ததே. அடைபட்ட திரவமொன்றில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்னும் பாஸ்கலின் விதியை அவர் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறார். பாஸ்கல் 1662இல் மறைந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பார் அவ்விதியைக் கொண்டு அழுத்து யந்திரம் செய்து உரிமை பெற்றார். 1917இல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் அதனையே மோட்டார் வண்டியின் பிரேக்கிற்குப் பொருத்தி உரிமை பெற, 1921இல் வெளிவந்த டியூசன்பர்க் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் அவ்வகைப் பிரேக் அமைந்தது. கிளட்சுக்கும் அதே முறை பின்னர் வந்தது. இவையாவும் எம் நண்பரின் குறிப்பேட்டில் உள்ளன. அக்குறிப்பேட்டுக்கும் அவர் நாள்தோறும் மிதிக்கும் மிதிக்கும் இடையே ஒரு முழ இரப்பர்க் குழாய்தான் தூரம். அத்தூரத்தை இருபது ஆண்டுகளாக அவர் கடக்கவில்லை. நாமும் கடக்கவில்லை, நம் மாணவரையும் கடக்கச் செய்யவில்லை. இதுவே இக்கட்டுரையின் விஷயம்.

அமைப்பு மிக எளியது. மிதிக்கு மேலே ஒரு சிறு சிலிண்டர். கியர்ப் பெட்டியருகே மற்றொன்று. இரண்டையும் இணைப்பது ஒரு குழாய். மூன்றும் நிறையத் திரவம். மேற்சிலிண்டரின் பிஸ்டன் சிறிதாயும் கீழ்ச்சிலிண்டரினது பெரிதாயும் இருப்பின் காலின் விசை பெருகும். நகரும் தூரம் மட்டும் குறையும். திரவம் அமுங்காது என்பதனால் மேலே தள்ளியது கீழே அப்படியே தள்ளப்படும். காற்றோ அமுங்கும். குழாயில் ஒரு விரற்கடை நீளம் காற்று நின்றாலும், காலின் உழைப்பெல்லாம் அதனை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், கிளட்சுத் தட்டு முழுதும் விலகாது, கியர் கறகறக்கும், பின்னோக்கும் கியர் விழவே விழாது. மிதி பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும்.

கொங்கு நாட்டில் பிறந்தவருக்கு இது புதிய பகையன்று. தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால், குடியானவர் முதலில் ஐயுறுவது உறிஞ்சு குழாயில் காற்றுப் பிடித்திருக்கும் என்பதையே. அடிவால்வு கசிகிறதா என்று பார்ப்பார். மேலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பின்பே சுவிட்சைப் போடுவார். அது நீரைச் சுழற்றி எறியும் யந்திரம், இது நீரால் தள்ளும் யந்திரம் என்னும் வேறுபாடு உண்டு என்று எம் பௌதிக நண்பர் இவ்விடத்தில் குறுக்கிட்டார். உண்மையே. ஆயினும் திரவம் இருக்கவேண்டிய இடத்தில் காற்று இருந்தால் யந்திரம் வீணே உழைக்கும் என்பதைப் பல்லடத்துப் பாட்டனார் ஒருவரிடம் சொன்னால், அதை விளக்கக் கரும்பலகை வேண்டுவதில்லை.

இங்கே நாம் சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்லல் வேண்டும். இக்கலாசாலையில் பயிலும் மாணவ மாணவியருள் எத்தனை பேருடைய வீடுகளில் லேத்துப் பட்டறையோ, மோட்டார் சுற்றும் தொழிலோ, வார்ப்படமோ, லாரியோ உண்டு என்பதை நாம் அறிவோம். பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் வீதிகளில் நடந்தால் வீட்டின் முன்னறையே பட்டறையாய் இருப்பதைக் காணலாம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி இன்றி ஒரு குடும்பக் கதை இல்லை. திருச்செங்கோட்டு ஆழ்துளை யந்திரங்கள் இந்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்று துளையிடுகின்றன. இத்தகைய வீடொன்றிலிருந்து வந்த மாணவர் ஒருவர், சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தார். என்ன வியாபாரம் என்று கேட்டபோது தலை கவிழ்ந்தார். தந்தை மோட்டார் வண்டிகள் பழுது பார்ப்பவர், சொந்தப் பட்டறை, மூவருக்கு வேலை கொடுப்பவர். நம்முள் பலர் அவ்வாண்டு செலுத்திய வருமான வரியினும் அவர் செலுத்தியது மிகுதியாயிருக்கலாம். ஆயினும் மகன் அதைச் சொல்ல நாணினார்.

அந்நாணத்தை அவருக்குக் கற்பித்தது யார்? வீட்டில் ஒரு பாதி கற்பித்தனர். "நானுந்தான் கரியில பொரண்டேன், நீயாவது படிச்சு வெள்ளைச் சட்டை போடு" என்று தந்தையரே சொல்லக் கேட்டிருக்கிறோம். பட்ட துன்பம் அவரை அவ்வாறு பேச வைக்கிறது. அவரை நாம் குறை கூறோம். மற்றப் பாதியைக் கற்பித்தது நாமே. அழுத்தம் என்னும் அத்தியாயத்தை நடத்தும்போது பாஸ்கலின் பெயரைச் சொன்னோம். அவர் தந்தையின் பட்டறையைச் சொன்னோமில்லை. தேர்வில் பிராமாவின் யந்திரத்துக்குப் படம் வரையச் சொன்னோம். வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியின் மூடியைத் திறக்கச் சொன்னோமில்லை. அறிவு என்பது அச்சிட்ட தாளில் மட்டுமே உறைவது, விரலில் படிந்த கரி அறியாமையின் அடையாளம் என்று ஒருநாளும் வாய்விட்டுக் கூறவில்லை. கூறாமலே அதைத் திறம்படக் கற்பித்துவிட்டோம்.

இப்பிழையைப் பிற ஊரார் செய்தால் பொறுக்கலாம். கோயம்புத்தூர் செய்வது வியப்பு. 1893இல் இவ்வூரை அடுத்த கலங்கல் கிராமத்திற் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களின் கதையை நம் ஊர்க் குழந்தையும் அறியும். பள்ளிக்கூடத்தோடு அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்து, அதை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கிய வண்டியில் ஊர் சுற்றி நிறுத்தினாரல்லர். அதனை ஓர் ஆணிவிடாமல் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டினார். அவருடைய கலாசாலை அதுவே. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை விட்டுத் தொடங்கியது யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் போக்குவரத்து ஸ்தாபனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து இந்நாட்டிலேயே மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார். பைக்காரா நீர்மின்சாரம் கொங்கு நாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நம் கிணற்று மேட்டில் கேட்கும் ஒலிக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

எனினும் நாம் இங்கு அவரை நினைவுகூர்வது புகழ்வதற்கன்று. அவருடைய சச்சரவு ஒன்றைச் சொல்வதற்கே. 1945இல் அவருடைய முயற்சியால் இவ்வூரில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. பின்னது இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. நான்காண்டுப் படிப்பு வீண், மாணவனின் கையில் யந்திரத்தைக் கொடுத்தால் இரண்டாண்டே போதும் என்பது நாயுடுவின் வாதம். அரசினர் இசையவில்லை, அவர் விலகிவிட்டார். இதில் நாம் முற்றும் அவர் பக்கம் நிற்போமல்லோம். பாலம் கட்டுவோர் கணிதத்தை அவசரமாகக் கற்பது நாட்டுக்கு நல்லதன்று. ஆயினும் அவர் எழுப்பிய வினா இன்றும் விடையின்றி நிற்கிறது: இத்தனை ஆண்டுகள் உட்கார வைத்தீர்களே, எழுந்து நின்று அவன் செய்யக்கூடியது யாது? 1974இல் அவர் மறைந்தார். அவினாசிச் சாலையிலுள்ள அவர் பெயர் தாங்கிய காட்சிசாலைக்கு நாம் ஆண்டுதோறும் மாணவரை அழைத்துச் சென்று, பொருள்களைத் தொடாதீர் என்று எச்சரித்து, அழைத்து வருகிறோம். காட்சிப் பொருளைத் தொடலாகாது என்பது சரியே. திரும்பி வந்தபின் தொடத்தக்கது ஒன்றையாவது கொடுத்தோமா?

ஆதலின் நம் அபிப்பிராயம் யாதெனில், இக்கலாசாலையிற் பட்டம் பெறும் ஒவ்வொருவரும், கலைப் பிரிவினர் உட்பட, மாணவியர் உட்பட, வெளியேறுமுன் ஒருமுறையேனும் ஒரு மோட்டார் வண்டியின் கிளட்சில் தம் கையாலேயே காற்றெடுத்திருத்தல் வேண்டும்.

இவ்வளவு வேலைகளிருக்க இது ஏன் என்று கேட்கலாம். வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியது, பெருஞ்செலவில்லாதது, தோற்றாலும் வண்டி கெடாது, ஒருவர் தனியே செய்யக் கடினமாதலின் மற்றொருவரோடு பேசிச் செய்யவேண்டியது. யாவற்றினும் மேலாக, விதி மெய்யா பொய்யா என்பதைக் கால் உடனே உணரும். மதிப்பெண் போட ஆசிரியர் வேண்டுவதில்லை.

செய்முறையையும் சொல்லிவிடுகிறோம். கையேந்தி நிற்கும் நிலையினின்று வாசகரை விடுவிக்க விரும்பும் கட்டுரை, செய்முறையை மட்டும் மறைப்பது நேர்மையாகாது. முதலாவது, உங்கள் வண்டி இவ்வகையினதா என்று அறிதல் வேண்டும். மாருதி 800 போன்ற வண்டிகளில் கிளட்சை இழுப்பது கம்பி வடம். அங்கே திரவமும் இல்லை, காற்றும் இல்லை. திரவ வகையாயின், வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கீழ்ச்சிலிண்டர் மேலிருந்து கைக்கு எட்டினால் நலம். வண்டியைத் தூக்கத்தான் வேண்டுமென்றால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருக்காலும் கீழே படுக்காதீர்கள்; உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்திய பின்பே தலையை உள்ளே கொடுங்கள். தாங்கி இல்லையென்றால் அன்று அவ்வேலையைச் செய்ய வேண்டா.

திரவத்தைப் பற்றி ஒரு சொல். பிரேக் ஆயில் என்று வழங்கினும் அது எண்ணெயன்று. எண்ணெயென்று கருதி எஞ்சின் ஆயிலை ஊற்றுவோர் உளர். ஊற்றினால் இரப்பர் உறுப்புகள் உப்பிக் கெட்டுவிடும். பெரும்பாலான வண்டிகளுக்கு டாட் 3 அல்லது டாட் 4 என்னும் வகை. எது வேண்டுமென்பது மூடியின்மேலேயே எழுதியிருக்கும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 புதிதாயிருக்கையில் 230 பாகை சென்டிகிரேடு வரையிலேனும் கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி, சுமார் 3.7 சதவிகிதம் நீர் கலந்தால் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். மலைச்சாலையில் பிரேக்குகள் சூடேறும்போது இவ்வேறுபாடு உயிரைப் பற்றியதாகிறது. ஆகவே திறந்து பல மாதங்களான டப்பியிலிருந்து ஊற்றாதீர்கள். வண்டியின் வண்ணப் பூச்சில் சிந்தினால் பூச்சை அரிக்கும். உடனே நீர்விட்டுக் கழுவுங்கள். கண்ணில் படாமற் காத்துக்கொள்ளுங்கள்.

மேல்தொட்டியை நிரப்பி, கீழ்ச்சிலிண்டரிலுள்ள நிப்பிளைத் துடைத்து, அதன் அளவுக்கேற்ற வளைய ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன்மேல் கண்ணாடிக் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைச் சிறிது திரவமுள்ள புட்டியில் மூழ்க வையுங்கள். உள்ளே இருப்பவர் மெல்ல மிதித்துத் தரையோடு பிடித்துக்கொள்ளவேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் திருகு திறக்க, காற்றும் திரவமும் வெளிவரும். நிப்பிளை மூடிய பின்னரே மிதியை விடவேண்டும். இவ்வொழுங்கு மாறினால் வெளியேற்றிய காற்றையே மீண்டும் உறிஞ்சிக்கொள்வோம். புதியவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை மேல்தொட்டியைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்று தெளிந்த திரவம் வரும்வரை இதுவே வேலை. சிலவற்றில் காற்றுக் குழாயின் மேட்டில் ஒளிந்துகொண்டு இறங்க மறுக்கும். காற்று மேலே செல்ல விரும்புவதாதலின், அதன் போக்கிலேயே விட்டு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சினால் கீழிருந்து மெல்லத் திரவத்தைச் செலுத்துவோரும் உண்டு. அப்போது மேல்தொட்டி வழியாமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று மிக முக்கியமானது. பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்கிற்கும் மேல்தொட்டி ஒன்றே. கிளட்சுக்குப் போகும் குழாய் அத்தொட்டியில் சற்று உயரத்தில் அமைந்திருக்கும்; திரவம் குறைந்தால் முதலிற் கிளட்சு கெட்டு, பிரேக் எஞ்சியிருக்கவேண்டும் என்பது செய்தோரின் கருணை. ஆகவே அத்தகைய வண்டியில் கிளட்சு இறங்குவது, அடுத்துப் பிரேக்கிற்கும் கேடு வரக்கூடும் என்னும் தூது. தொட்டி வற்றிப் பிரேக் குழாயிலும் காற்றுப் புகுந்ததாக ஐயம் எழுந்தால் அத்தோடு நிறுத்தி, தொழிலறிந்தவரை அழைத்துவிடுங்கள். காற்றெடுத்த சில நாட்களில் மறுபடியும் மிதி இறங்கினால், எங்கோ கசிவு உண்டு. மீண்டும் மீண்டும் காற்றெடுப்பது மருத்துவமாகாது. அக்கிளீனர் இளைஞரும் எம்மிடம், "கீழ போனதும் ரப்பரை மாத்திருங்க, இல்லீனா மறுக்கா எறங்கிரும்" என்றே சொல்லியனுப்பினார். சில வண்டிகளில் கீழ்ச்சிலிண்டர் கியர்ப் பெட்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். அது கசிந்தால் பெட்டியை இறக்காமல் ஆகாது. அஃது வீட்டு வாசலில் முடியும் வேலையன்று. கழிவுத் திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் புட்டியில் அடைத்துப் பட்டறையிற் சேர்ப்பியுங்கள். நொய்யல் இதுவரை குடித்த சாயநீரே போதும்.

இதனால் பட்டறைக்காரர் பிழைப்புக் கெடாதா என்று எம் சரித்திர நண்பர் கேட்டார். நல்ல வினா, நாமும் அதனை எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் கிளட்சுத் தட்டு மாற்றுவதும், கியர்ப் பெட்டி இறக்குவதும், சிலிண்டர் புதுக்குவதும் அவரிடமே நிற்கும். காற்றெடுக்கும் சிறு கூலி குறையக்கூடும். அதற்கு ஈடாக அவருக்கு வேறொன்று கிடைக்கும். தானே ஒருமுறை இடுப்பு நோகக் குனிந்து, கையெல்லாம் பிசுபிசுக்க, நிப்பிள் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவன், அடுத்த முறை பட்டறையில் நின்று, "இதுக்குப் போய் இவ்வளவா?" என்று பேரம் பேசான். அவர் சொல்வது மெய்யோ அன்றோ என்பதையும் அறிவான். ஆதலின் நேர்மையான தொழிலாளி அவனுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. மேலும், இதனை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டியவர் நாமல்லோம். எமக்குத்தான் தெரியாதே! பட்டறைக்காரரையே அழைத்து, ஆசிரியர்க்குரிய ஆசனமும் ஊதியமும் தந்து, 'ஐயா' என்று விளித்துக் கற்றல் வேண்டும். ஊதியம் தராது மாலை மட்டும் போட்டு அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்கு நாம் உடன்படோம்.

மின்சார வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன, அவற்றில் கிளட்சு மிதியே இல்லை, அழியும் கலையைக் கற்பானேன் என்பது மற்றொரு தடை. மிதி இல்லை என்பது மெய். ஆயினும் அவ்வண்டிகளையும் நிறுத்துவது பிரேக். அப்பிரேக்கில் ஓடுவது இதே திரவம். அதிற் புகுந்தால் கொல்வது இதே காற்று.

இவ்வாண்டு ஆடி மாதத்தில் எம் பௌதிக நண்பர் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் மேற்சிலிண்டர் ஒன்றும் கீழ்ச்சிலிண்டர் ஒன்றும் வாங்கி, தாமே ஒரு பலகையில் அறைந்து, இடையே கண்ணாடிக் குழாய் பூட்டி வகுப்புக்குக் கொண்டுவந்தார். அழுத்தம் பற்றிய பாடம் அன்று. நாமும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். அவர் நெம்புகோலை அழுத்த, கீழ்ச்சிலிண்டர் அசையவேயில்லை. மாணவர் நகைத்தனர். மறுபடி அழுத்தினார், குழாயில் குமிழிகள் ஓடின, அவருக்கு வியர்த்தது. அப்போது நான்காம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். தந்தையின் தொழிலை 'வியாபாரம்' என்று எழுதிய அதே மாணவர். ஒருவரும் அழைக்காமலே முன்வந்து, ஸ்பேனரை வாங்கி, நிப்பிளைத் தடவிப் பார்த்து, "இங்க கசியுதுங்க சார். எங்கப்பா பட்டறையில இதுக்குச் செம்பு வாசர் ஒண்ணு போடுவாங்க. நாளைக்கு நான் கொண்டுவர்றேன்" என்றார்.